ஆர்சனிக் ஸ்பீசியேஷன் டெஸ்ட்: கொடுத்த காசுக்கு என்ன கிடைத்தது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு நாலரை. அரிசி மாவு, அவல், பொரி, குழந்தைக் கஞ்சி என்று அரிசியை வைத்து எதையாவது தயாரித்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவராக நீங்கள் இருந்தால், அரிசியில் சேரும் நச்சுப் பொருளான ஆர்சனிக்கின் மொத்த அளவு டெஸ்ட்டோடு நிறுத்தாதீர்கள், எந்த வடிவத்தில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் ஸ்பீசியேஷன் டெஸ்ட் கேளுங்கள். லேப்காரர்கள் இதை ‘ஹெச்பிஎல்சி ஐசிபி-எம்எஸ்’ என்பார்கள். பெயரைக் கேட்டாலே தலை சுற்றும், எனக்கும் சுற்றியது. ஆறு மாதம் இதோடு மல்லுக்கட்டியதில் ஓரளவு பிடிபட்டிருக்கிறது. இந்தத் தகவலை ஒருவரும் தமிழில் எனக்குச் சொல்லவில்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நானும் என் நாத்தனாரும் கும்பகோணம் பக்கத்தில் குழந்தைகளுக்கான கஞ்சிப் பொடி செய்கிறோம். அரிசியைக் கழுவி, காயவைத்து, பொன்னிறமாக வறுத்து, அரைத்து, சலித்துப் பாக்கெட் போடுவது. இரண்டு வகை உண்டு, ஒன்று பச்சரிசியில், இன்னொன்று தவிடு நீக்காத சிவப்பரிசியில். உள்ளூரில் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. ஜெர்மனியில் இந்திய மளிகை விற்கும் ஒருவர் மாதிரி கேட்டு, பிடித்துப்போய், ஆர்டர் கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனை, ஆர்சனிக் ரிப்போர்ட் வேண்டும்.

நான் என்ன செய்தேன், வழக்கமாக எங்கள் பொடியின் ஈரப்பதம், புரதம் எல்லாம் பார்க்கும் லேபுக்கே அனுப்பினேன். அவர்கள் நாலே நாளில் ரிப்போர்ட் கொடுத்தார்கள். பச்சரிசிப் பொடியில் ஆர்சனிக் கிலோவுக்கு 0.170 மில்லிகிராம், சிவப்பரிசிப் பொடியில் 0.152. அவ்வளவுதான், இரண்டு வரி. அதை அப்படியே ஜெர்மனிக்கு அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது: குழந்தை உணவுக்குப் போகும் அரிசிக்கு ஐரோப்பாவில் வரம்பு 0.10, உங்களுடையது இரண்டுமே தாண்டுகிறது, சரக்கை ஏற்ற வேண்டாம்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஆர்டர் போனதைவிட, இந்தப் பொடியைத்தான் இத்தனை வருடமாக ஊரில் உள்ள குழந்தைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் உறுத்தியது. என் இளையவள் எட்டாவது மாதத்தில் முதன்முதலில் சாப்பிட்டதே எங்கள் சிவப்பரிசிக் கஞ்சிதான்.

பிறகு அந்த ஜெர்மனிக்காரரின் தரக்கட்டுப்பாட்டு ஆள் அனுப்பிய விதியை ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்தேன். அந்த 0.10 என்பது ‘கனிம ஆர்சனிக்’ அளவுக்கான வரம்பு. 2016 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருப்பது. பெரியவர்கள் சாப்பிடும் பட்டை தீட்டிய வெள்ளை அரிசிக்கு முதலில் 0.20 என்று இருந்ததை 2023-ல் 0.15 ஆகக் குறைத்திருக்கிறார்கள், புழுங்கல் அரிசிக்கும் தவிடு நீக்காத அரிசிக்கும் 0.25. அமெரிக்காவில் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020 ஆகஸ்ட்டில் குழந்தைகளுக்கான அரிசி சீரியலுக்கு வைத்த அளவும் 0.10-தான், அதுவும் கனிம ஆர்சனிக்குக்குத்தான். எல்லா இடத்திலும் ‘கனிம’ என்ற சொல் இருக்கிறது. என் ரிப்போர்ட்டில் அந்தச் சொல்லே இல்லை.

முதல் லேபுக்குப் போன் போட்டுக் கேட்டேன். கவுன்ட்டரில் இருந்தவர், “மேடம், ஆர்சனிக்னா ஆர்சனிக்தான், அதுல என்ன வகை?” என்றார். அவர் மேல் கோபம் இல்லை, அவர் வேலை ரசீது போடுவது. ஆனால் எந்த நாட்டுக்கு, எதற்காக டெஸ்ட் எடுக்கிறேன் என்று விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தேன். அதைப் படித்துவிட்டு ‘உங்களுக்கு வேண்டியது இது இல்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த லேபுக்கு ஐந்துக்கு இரண்டு. எண் சரியாகத்தான் இருந்தது என்பது பின்னால் தெரிந்தது, அதற்காக அந்த இரண்டு.

சரி, வகை என்றால் என்ன? ஆர்சனிக் ஒரு தனிமம். அது தனியாக இருப்பது அபூர்வம், பெரும்பாலும் எதோடாவது சேர்ந்துதான் இருக்கும். ஆக்சிஜனோடு சேர்ந்து ஆர்சனைட், ஆர்சனேட் என்று இருந்தால் அது கனிம வடிவம், நிலத்தடி நீரில் வருவதும் வங்காளத்தில் லட்சக்கணக்கானவர்களை நோயாளிகளாக்கியதும் அதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் வரிசையில் வைத்திருக்கிறது. வயல் மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் இதே ஆர்சனிக்கோடு கார்பனைச் சேர்த்து எம்எம்ஏ, டிஎம்ஏ என்ற வடிவங்களாக மாற்றிவிடும், அதையும் நெல் உறிஞ்சிக்கொள்கிறது. இவை முற்றிலும் தீங்கற்றவை என்று சொல்ல முடியாது, சந்தேகப் பட்டியலில்தான் இருக்கின்றன, ஆனால் கனிம வடிவத்தின் பக்கத்தில் வைக்கும் அளவுக்கு இல்லை. மீன், இறால், நண்டில் இருப்பது பெரும்பாலும் ஆர்சனோபீட்டெயின். உடம்புக்குள் போய் அப்படியே சிறுநீரில் வெளியே வந்துவிடும். கருவாட்டில் மொத்த ஆர்சனிக் அளந்தால் கிலோவுக்குப் பல மில்லிகிராம்கூட வரலாம், அதைப் பார்த்துப் பயந்தால் கடலோரத்தில் ஒருத்தரும் சோறு சாப்பிட முடியாது.

ஆக, ஒரே தனிமம், வடிவத்துக்கு வடிவம் வேறு குணம். வடிவத்தைப் பிரித்துச் சொல்லாத எண்ணை வைத்துக்கொண்டு குழந்தைக்குக் கொடுக்கலாமா கூடாதா என்று முடிவெடுக்க முடியாது.

இரண்டாவது லேபைத் தேடிப் பிடிக்கவே ஒரு மாதம் ஆனது. பலர் ‘செய்வோம்’ என்கிறார்கள், கேட்டுப் பார்த்தால் மொத்த ஆர்சனிக்தான் செய்கிறார்கள். நான் கண்டுபிடித்த வழி இது: இந்தியாவில் லேப்களுக்கு அங்கீகாரம் கொடுக்கும் என்ஏபிஎல் அந்த லேபுக்குக் கொடுத்த பட்டியலை வாங்கிப் பாருங்கள். அங்கீகாரம் இருக்கிறது என்று சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ் போதாது. எந்தப் பொருளில் எந்தப் பரிசோதனைக்கு அங்கீகாரம் என்று ஓர் இணைப்பு இருக்கும், அதில் ‘அரிசி, கனிம ஆர்சனிக், ஹெச்பிஎல்சி ஐசிபி-எம்எஸ்’ என்ற வரி தனியாக இருக்க வேண்டும். வெறும் ‘ஆர்சனிக், ஐசிபி-எம்எஸ்’ என்று இருந்தால் அது மொத்த அளவு. அப்புறம் எந்த முறையில் செய்கிறீர்கள் என்று கேளுங்கள். ஐரோப்பாவுக்கு ஈஎன் 16802, அமெரிக்காவுக்கு எஃப்டிஏவின் 4.11. இந்த இரண்டு எண்ணையும் சொன்னதும் எதிர்முனையில் இருப்பவர் தயங்காமல் பேசினால் சரியான இடத்துக்குத்தான் போன் செய்திருக்கிறீர்கள்.

நான் பிடித்த லேபில் போனை எடுத்தவர் பரிசோதனை செய்யும் பெண்ணேதான். என் பொடி எதில் வறுக்கிறோம், உப்பு போடுகிறோமா, என்ன அரிசி, எந்தத் தண்ணீர் என்று அவர்தான் என்னைக் கேள்வி கேட்டார். “முடிஞ்சா நேர்ல வாங்கக்கா, பார்த்தா உங்களுக்கே புரியும்” என்றார். போனேன். அந்த அரை நாள்தான் இந்தச் சேவையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய லாபம்.

ஐசிபி-எம்எஸ் என்பது அலமாரியைப் படுக்கவைத்ததுபோல ஒரு மெஷின். நடுவில் இருண்ட கண்ணாடி போட்ட சின்ன ஜன்னல். அதற்குள் ஒரு குவார்ட்ஸ் குழாய், அதைச் சுற்றிச் செம்புச் சுருள். குழாய் வழியாக ஆர்கான் வாயு போகிறது, சுருளில் ரேடியோ அலை பாய்கிறது, ஒரு பொறி விட்டதும் ‘பக்’கென்று ஒரு சுடர் நின்றுவிடுகிறது. அதுதான் பிளாஸ்மா. அடுப்புச் சுடர்போல ஆடாமல், அசையாமல், கண்ணைக் குத்தும் வெள்ளையாக நிற்கிறது. உள்ளே வெப்பம் 6,000 டிகிரிக்கு மேலே போகிறதாம், சூரியனின் மேற்பரப்பைவிட அதிகம். அந்தச் சுடருக்குள் பனிமூட்டமாகக் கரைசலைச் செலுத்தினால் எந்தப் பொருளாக இருந்தாலும் தனித்தனி அணுவாக உடைந்து, மின்னேற்றம் பெற்று, ஊசித்துளை போன்ற ஓட்டை வழியாக வெற்றிடத்துக்குள் போய், எடை வாரியாகப் பிரிந்து எண்ணப்படுகிறது. ஆர்சனிக்கின் எடை 75. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஏம்ஸ் ஆய்வகத்தில் சாம் ஹூக், வெல்மர் ஃபாசல் குழுவினர் இதை முதன்முதலில் காட்டியது 1980-ல். 1983-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. சுத்தமான கரைசலில் லட்சம் கோடியில் ஒரு பங்கு இருந்தால்கூடப் பல தனிமங்களைப் பிடித்துவிடும்.

இங்கேதான் என் சந்தேகம். எல்லாவற்றையும் அணுவாக உடைத்துவிட்டால், எது ஆர்சனேட், எது டிஎம்ஏ என்று எப்படித் தெரியும்? கேட்டேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு மெஷினுக்கு முன்னால் இருந்த விரல் நீளத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு உலோகக் குழாயைக் காட்டினார். “மெஷினுக்கு அணுதான்க்கா தெரியும், அது எந்த வீட்டுப் பிள்ளைன்னு தெரியாது. அதைச் சொல்றது இந்தக் காலம்தான்.”

காலம் என்பது ‘காலம்ன்’ என்று எழுதும் அந்தக் குழாய், டெஸ்ட்டின் பெயரில் முதலில் வரும் ஹெச்பிஎல்சி என்பது இந்தப் பகுதிதான். அதற்குள் மின்னேற்றம் உள்ள பிசின் மணிகளை இறுக்கமாக அடைத்திருக்கிறார்கள். அரிசிச் சாற்றை அதற்குள் தள்ளினால் ஆர்சனிக்கின் ஒவ்வொரு வடிவமும் அந்த மணிகளோடு வெவ்வேறு அளவுக்கு ஒட்டி ஒட்டி விலகும். கடைத்தெருவில் ஒவ்வொரு கடையிலும் நின்று விலை கேட்டுக்கொண்டு வருகிறவர் கடைசியில் வருவார், நேரே நடப்பவர் முன்னால் போய்விடுவார், அதே கதைதான். டிஎம்ஏ சீக்கிரம் வெளியே வரும், அதற்குப் பிறகு எம்எம்ஏ, ஆர்சனேட் நன்றாக ஒட்டிக்கொள்வதால் கடைசியில். குழாயின் மறுமுனை நேராகப் பிளாஸ்மாவுக்குள் போகிறது. எந்த நிமிடத்தில் 75 எண்ணிக்கை ஏறுகிறதோ, அந்த நிமிடத்தை வைத்து இன்ன வடிவம் என்று தெரிந்துகொள்கிறார்கள். எவ்வளவு என்பதைப் பிளாஸ்மா சொல்கிறது, எது என்பதை நேரம் சொல்கிறது.

ஆனால் உண்மையான வேலை இந்த இரண்டுக்கும் முன்னாலேயே நடந்துவிடுகிறது. பொடியிலிருந்து ஆர்சனிக்கைச் சாறாக எடுக்க வேண்டும், எடுக்கும்போது வடிவம் மாறிவிடக் கூடாது. மொத்த ஆர்சனிக் டெஸ்ட்டில் அரிசியைக் கடும் அமிலத்தில் போட்டு மைக்ரோவேவில் கொதிக்கவிட்டு முழுதாகக் கரைத்துவிடுவார்கள், அங்கே வடிவத்தைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. இங்கே அப்படிச் செய்தால் எல்லாம் கெட்டது. அதனால் மிக நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்து, 90 டிகிரித் தண்ணீர்த் தொட்டியில் ஒரு மணி நேரம். மூடி போட்ட பிளாஸ்டிக் குழாய்கள் வரிசையாக மிதந்துகொண்டிருந்தன, நம் இட்லிப் பானையின் சூடுதான் ஏறக்குறைய. வெளியே எடுத்து ஆறவைத்து, சுழற்றி, மேலே தெளிந்ததை மட்டும் ஊசியில் உறிஞ்சி, பொத்தான் அளவு வடிகட்டி வழியாகத் தள்ளி எடுத்தார். என் பச்சரிசிப் பொடியிலிருந்து வந்தது வடித்த கஞ்சித் தெளிவுபோல இருந்தது.

பெராக்சைடு எதற்கு என்று கேட்டதற்கு அவர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஆர்சனைட்டும் ஆர்சனேட்டும் ஒன்றிலிருந்து ஒன்று சுலபமாக மாறும், லேபுக்கு வரும் வழியிலேயேகூட மாறும். இரண்டுமே கனிமம்தான், சட்டமும் இரண்டையும் கூட்டித்தான் கேட்கிறது. அதனால் வேண்டுமென்றே எல்லாவற்றையும் ஆர்சனேட்டாக மாற்றி ஒரே இடத்தில் அளந்துவிடுகிறார்கள். ஆனால் டிஎம்ஏ உடைந்து கனிமமாகிவிடக் கூடாது, அதற்காகத்தான் அமிலத்தையும் சூட்டையும் இவ்வளவு மென்மையாக வைத்திருக்கிறார்கள். எஃப்டிஏ முறையில் பெராக்சைடு கிடையாது, 95 டிகிரியில் ஒன்றரை மணி நேரம், ஆர்சனைட், ஆர்சனேட் இரண்டையும் தனித்தனியாக அளந்து கூட்டிக்கொள்கிறார்கள். யாராவது லேப் உங்களுக்கு ஆர்சனைட் இவ்வளவு, ஆர்சனேட் இவ்வளவு என்று அரிசியில் தனித்தனியாக எண் கொடுத்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், கூட்டுத்தொகைதான் நம்பத் தகுந்தது.

அப்புறம் உப்பு விஷயம். நாங்கள் உப்பு போடுவதில்லை, ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் முறுக்கு மாவு, மசாலாப் பொரி செய்பவர்களுக்கு இது முக்கியம். பிளாஸ்மாவில் இருக்கும் ஆர்கானின் எடை 40, உப்பில் இருக்கும் குளோரினின் எடை 35, இரண்டும் ஒட்டிக்கொண்டால் 75, ஆர்சனிக்கின் எடையே. ஆர்சனிக்குக்கு வேறு எடையில் உடன்பிறப்பும் இல்லை, 75 ஒன்றுதான். ஆக உப்பே ஆர்சனிக் வேஷம் போட முடியும். இதைத் தடுக்க நடுவழியில் ஹீலியம் நிரப்பிய ஓர் அறை இருக்கிறது, ஜோடியாக வருவது உடம்பு பெருத்தது, அதிகம் மோதி வேகம் குறைந்து நின்றுவிடும், ஒற்றை அணு தாண்டிப் போய்விடும். கேட்காமலே அந்தப் பெண் வெறும் உப்புக் கரைசலைச் செலுத்திக் காட்டினார், திரையில் 75 எண்ணிக்கையைக் காட்டும் கோடு ஏறாமல் படுத்தே கிடந்தது. உங்கள் லேபில் இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

என் மாதிரிக்கு முன்னால் அமெரிக்காவின் அளவுத் தர நிறுவனமான நிஸ்ட் விற்கும் 1568பி என்ற அரிசி மாவை ஓட்டினார். அந்த மாவில் எவ்வளவு இருக்கிறது என்று ஏற்கெனவே அளந்து சான்று கொடுத்திருக்கிறார்கள்: மொத்தம் 0.285, அதில் கனிமம் 0.092, டிஎம்ஏ 0.180. அன்றைக்கு அவருக்கு வந்த கனிம அளவு 0.089. “இது சரியா வரலைன்னா உங்க மாதிரியைத் தொடவே மாட்டேன்க்கா” என்றார். அந்த மாவின் எண்களையே பாருங்கள், மொத்தம் என் பொடியைவிட எவ்வளவோ அதிகம், ஆனால் கனிமம் 0.10-க்குள்தான்.

பிறகு என் பச்சரிசி. திரையில் ஒரு பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் முதல் மேடு ஏறி இறங்கியது, டிஎம்ஏ. எம்எம்ஏ வர வேண்டிய இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் நீண்ட நேரம் ஒன்றுமே இல்லை, நான் முந்தானையைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஆர்சனேட், அகலமாக, சாவகாசமாக ஏறி இறங்கியது. கணக்கு: கனிமம் 0.088, டிஎம்ஏ 0.070. இரண்டையும் கூட்டினால் 0.158. மொத்தம் 0.170 என்று முதல் லேபும் சொல்லியிருந்தது, இவர்களும் தனியாக அளந்து அதையே சொன்னார்கள். அதாவது அரிசியில் இருந்ததில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பங்கு சாற்றில் வந்து, அடையாளமும் தெரிந்துவிட்டது. பச்சரிசி 0.10-க்குள். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

சிவப்பரிசிக்கு நான் பயப்படவே இல்லை. மொத்தமே பச்சரிசியைவிடக் குறைவு, 0.152, ஆகவே இதுவும் தாண்டாது என்று நினைத்துக்கொண்டேன். கோடு ஓடியது. டிஎம்ஏ மேடு சின்னதாக வந்து போனது. கடைசியில் ஆர்சனேட் எழுந்ததைப் பார்த்ததும் எனக்கே புரிந்துவிட்டது. கனிமம் 0.128, டிஎம்ஏ 0.017.

மொத்த எண்ணை மட்டும் பார்த்திருந்தால் இரண்டில் நல்லது சிவப்பரிசி என்றுதான் யாரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். கனிம ஆர்சனிக் நெல்மணியின் வெளிப்புறத்தில், தவிட்டில்தான் அதிகம் சேர்கிறது, தவிடு நீக்காத அரிசியில் அது அப்படியே நின்றுவிடுகிறது என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னார். இந்தியா, வங்கதேசம் பக்கத்து அரிசியில் பொதுவாகவே கனிமப் பங்குதான் அதிகம், டிஎம்ஏ அதிகமாக இருப்பது அமெரிக்காவின் தெற்குப் பகுதி அரிசியில் என்றும் சொன்னார். பெரியவர்களுக்கு இந்தச் சிவப்பரிசி ஐரோப்பிய வரம்பான 0.25-ல் பாதி அளவுதான், தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் எடை குறைவான, தினம் இரண்டு வேளை அதையே சாப்பிடும் எட்டு மாதக் குழந்தைக்கு வேண்டாம். வீட்டுக்கு வந்த அன்றே சிவப்பரிசிப் பொடி பாக்கெட்டில் இருந்த குழந்தைப் படத்தை எடுத்துவிட்டோம், இப்போது அது பெரியவர்களுக்கான சத்துமாவாக மட்டும்தான் போகிறது. விற்பனை குறைந்தது, பரவாயில்லை.

குறைகளுக்கு வருகிறேன். பத்து நாளில் ரிப்போர்ட் என்றார்கள், இருபத்து மூன்று நாள் ஆனது. காரணம் கேட்டபோது நியாயமாகத்தான் இருந்தது: பிளாஸ்மா எரிந்துகொண்டிருக்கும்வரை நிமிடத்துக்கு 15 லிட்டருக்கு மேல் ஆர்கான் குடிக்கும், சாதாரண பெரிய சிலிண்டர் ஆறேழு மணி நேரம்தான் தாங்கும். ஒரு மாதிரிக்கு ஓட்டமே கால் மணி நேரம் ஆகும், கூடவே தரம் பார்க்கும் மாவு, வெற்றுக் கரைசல், அளவுக் கரைசல்கள் எல்லாம் ஓட்ட வேண்டும், அதனால் இருபது மாதிரி சேரும்வரை காத்திருந்துதான் காலம்னை மாட்டுகிறார்கள். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் நானும் ஜெர்மனிக்காரருக்குச் சரியான தேதி கொடுத்திருப்பேன். இரண்டாவது, ரிப்போர்ட்டில் கனிம ஆர்சனிக் எண் மட்டும்தான் இருந்தது. கூட்டுத்தொகைக் கணக்கு, நிஸ்ட் மாவின் முடிவு, கோட்டுப்படம் எதுவும் இல்லை. கேட்டதும் மறுநாளே அனுப்பினார்கள், ஆனால் கேட்க வேண்டும் என்று தெரிந்தவருக்குத்தான் அது கிடைக்கும். நேரில் போகாத இன்னொருவருக்கு அது கேட்கவே தோன்றாது. நான் குறைத்த அந்த அரை மதிப்பெண் இதற்குத்தான். மூன்றாவது விலை, மொத்த ஆர்சனிக் டெஸ்ட்டைப் போல நாலு மடங்கு. எங்களைப் போன்ற சின்ன ஆட்களுக்கு வலிக்கும். இரண்டு மாதிரிக்குக் கொடுத்ததை நான் வருந்தவில்லை, ஆனால் ஒவ்வொரு லாட்டுக்கும் கொடுக்க முடியாது. இப்போது செய்வது, ஒவ்வொரு லாட்டுக்கும் மொத்த அளவு பார்க்கிறோம், அதுவே 0.10-க்குக் கீழே இருந்தால் கனிமம் அதைத் தாண்ட வழியே இல்லை, விட்டுவிடுகிறோம். மேலே போனால் மட்டும் ஸ்பீசியேஷன்.

மாதிரி அனுப்பும்போது ஒன்று கவனியுங்கள். பாக்கெட்டிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி அனுப்பாதீர்கள். நாலைந்து மூட்டையிலிருந்து எடுத்துக் கலந்து, நைசாக அரைத்து, ஈரம் படாமல் அரை கிலோ அனுப்புங்கள். லேபில் எடுப்பது அதிலிருந்து ஒரு கிராம் அளவுதான்.

எல்லாருக்கும் இது தேவையா என்றால், தேவையில்லை. வீட்டில் சாப்பிடும் அரிசிக்கு யாரும் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன். அதற்கு நம் பாட்டிகள் செய்ததே போதும்: நிறையத் தண்ணீர் வைத்துச் சோறு வடிப்பது. ஒரு பங்கு அரிசிக்கு ஆறிலிருந்து பத்துப் பங்கு தண்ணீர் வைத்து வடித்தால் கனிம ஆர்சனிக்கில் 40 முதல் 60 சதவீதம் வரை போய்விடும் என்று எஃப்டிஏவே சொல்கிறது. குக்கரில் அளந்து தண்ணீர் வைத்தால் எதுவும் போகாது. வடித்த கஞ்சியைக் குழந்தைக்குக் கொடுக்கும் பழக்கம் இருந்தால் அதை மட்டும் கொஞ்சம் யோசியுங்கள், போனதெல்லாம் அதில்தான் இருக்கிறது. சமைக்கும் தண்ணீரில் ஆர்சனிக் இருக்கும் ஊர் என்றால் இந்தக் கணக்கு எடுபடாது.

ஆம்பூரில் ஷூ தோல் வேலை செய்யும் என் சித்தி மகன் இதைப் படித்துவிட்டு, குரோமியத்துக்கும் இதையே செய்யலாமா என்று கேட்டான். அங்கேயும் இதே பிரச்சினைதான்: தோல் பதனிடுவது மூன்றாம் நிலைக் குரோமியத்தில், ஆபத்து ஆறாம் நிலையில், ஐரோப்பாவில் 2015 மே மாதத்திலிருந்து தோலில் ஆறாம் நிலை கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். ஆனால் தோலுக்கு நிறத்தை வைத்து அளக்கும் முறையும், காலம்னில் பிரித்து அளக்கும் அயனி குரோமட்டோகிராஃபியும் ஐஎஸ்ஓ 17075 என்ற சர்வதேசத் தர விதியிலேயே இருக்கின்றன, அந்த அளவுக்கு அதுவே போதும், இவ்வளவு பெரிய மெஷினுக்குக் காசு கொடுக்காதே என்றேன். குழந்தைகளின் பொம்மைக்கு என்றால் வேறு, அங்கே வரம்பு அவ்வளவு சின்னது, பிளாஸ்மா மெஷின் இல்லாமல் எட்டாது.

எங்களுக்கு நெல் கொடுக்கும் விவசாயி ஒருவர் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விடுபவர், இன்னொருவர் எப்போதும் வயலில் தண்ணீர் கட்டியே வைப்பவர். தண்ணீர் தேங்கிய மண்ணில் காற்று இல்லாமல் ஆர்சனிக் இளகி வேருக்குப் போகிறது, காயவிட்டால் குறைகிறது, ஆனால் அதிகம் காயவிட்டால் காட்மியம் என்ற இன்னொரு நச்சு உலோகம் ஏறலாம் என்று அந்தப் பெண் சொன்னது மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. குறுவை அறுவடை முடிந்ததும் இரண்டு வயல் நெல்லையும் கலக்காமல் தனித்தனியாகப் பட்டை தீட்டி, ஆர்சனிக் வடிவங்களோடு காட்மியத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி அனுப்பப்போகிறேன். டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டிவைத்துவிட்டேன். எண்கள் வந்ததும் இதன் கீழேயே எழுதுகிறேன்.